எண்ணெய் மணல் திட்டம்: சுரங்கத்தோடு அப்கிரேடரும் கட்டுவதா, பிட்டுமெனாகவே விற்பதா?

கடலோரம் எழுதியது:

ஒரு கணக்குக்காகக் கேட்கிறேன். கனடாவின் அல்பர்ட்டா மாகாணம், ஃபோர்ட் மெக்முர்ரேக்கு வடக்கே, மணலில் ஒட்டியிருக்கும் தார் போன்ற கெட்டி எண்ணெயான பிட்டுமெனை நாளுக்கு 1,55,000 பீப்பாய் எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம் என்று வைத்துக்கொள்வோம். கூடவே அப்கிரேடர், அதாவது பிட்டுமெனை லேசான எண்ணெயாக்கும் ஆலை கட்டி, அதில் கோக்கர் (சூட்டில் உடைத்துக் கரியைக் கோக்காகப் பிரிக்கும் அலகு) வைத்துச் செயற்கைக் கச்சா எண்ணெய் விற்கலாம். அல்லது கன்டென்சேட் (மிக லேசான எண்ணெய்) கலந்து இளக்கி, பிட்டுமெனாகவே குழாயில் அனுப்பலாம். முதல் வழிக்கு ஹொரைசன் சுரங்கம் உதாரணம், இரண்டாவதற்குக் கேர்ல், ஃபோர்ட் ஹில்ஸ் சுரங்கங்கள். எந்த இடத்தில், எந்த எண்ணை வைத்து இதை முடிவு செய்கிறார்கள்? சுரங்கம், பிரித்தெடுப்பு, சுத்திகரிப்பு மூன்று பக்கமும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

சுரங்கத்தான் எழுதியது:

விலைக் கணக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் மணலைப் பாருங்கள். மெக்முர்ரே படிவத்துத் தாது மணலில் எடைக்கணக்கில் 7 முதல் 13 விழுக்காடு பிட்டுமென், 3 முதல் 6 விழுக்காடு நீர், மீதி மணலும் களிமண்ணும். எதைத் தாது என்று எண்ணலாம் என்பதைக் கம்பெனி தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அல்பர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் எல்லை போட்டிருக்கிறது: குறைந்தது 7 விழுக்காடு பிட்டுமென், குறைந்தது 3 மீட்டர் கனம், தோண்டும் மொத்தக் கன அளவு உள்ளே இருக்கும் பிட்டுமென் கன அளவைப்போல் 12 மடங்குக்குள்.

எவ்வளவு பிரித்தெடுக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. 11 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 90 விழுக்காட்டை மீட்க வேண்டும். 10 விழுக்காட்டுத் தாதுவுக்கு 88.3. 9க்கு 81.7. 8க்கு 70.1. தரம் இறங்கும்போது மீட்பு எப்படிச் சரிகிறது பாருங்கள். காரணம் களிமண். தரம் குறைந்த தாதுவில் 44 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

உங்கள் 1,55,000 பீப்பாய்க்கு வருவோம். ஒரு பீப்பாய் பிட்டுமென் ஏறத்தாழ 160 கிலோ. 10 விழுக்காட்டுத் தாது, 88 விழுக்காடு மீட்பு என்றால் பீப்பாய்க்கு 1.8 டன். நாளுக்கு 2,80,000 டன் தாது. ஆலை 85 விழுக்காடு நேரம்தான் ஓடும் என்று வைத்தால் மணிக்கு 13,700 டன். ஆகவே மணிக்கு 7,000 டன் எடுக்கும் கிரஷர் வரிசை இரண்டு வேண்டும். ஒரே பெரிய வரிசையாகப் போட்டால் மலிவுதான். ஆனால் ஒரு உருளை உடைந்தால் முழு உற்பத்தியும் நின்றுவிடும்.

363 டன் டிரக்கில் இது நாளுக்கு 770 லோடு. தாதுவுக்கு மட்டும். மேல்மண்ணும் தாதுவுக்கு இடையே வரும் தரம் குறைந்த மண்ணும் குறைந்தது இதே அளவு வரும். அது கூடக்கூட டிரக் எண்ணிக்கை கூடும், டயர் செலவு கூடும். ஷவலுக்கு (தாதுவை அள்ளும் இயந்திரம்) ஒரு அள்ளலில் 90 முதல் 100 டன், நான்கு அள்ளலில் டிரக் நிறைய வேண்டும். ஐந்தாவது தேவைப்பட்டால் பக்கெட்டையும் டிரக்கையும் பொருத்தமில்லாமல் வாங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

நெய்வேலிக்காரன் எழுதியது:

நெய்வேலியில் பக்கெட் வீலும் (வாளிகள் கோத்த சக்கரத்தால் தோண்டும் இயந்திரம்) கன்வேயரும்தானே ஓடுகின்றன. இவ்வளவு டன்னுக்கு டிரக் எதற்கு? அங்கே நிலக்கரிக்குக் கீழே இருக்கும் அழுத்த நீரை ராப்பகலாகப் பம்ப் செய்தால்தான் சுரங்கத் தரை தங்கும். நீங்கள் சொல்லும் அத்தபாஸ்கா ஆற்றுப் பகுதியில் அந்தத் தொல்லை உண்டா?

சுரங்கத்தான் எழுதியது:

முன்பு அவர்களும் அப்படித்தான் தோண்டினார்கள். 1967இல் தொடங்கிய கிரேட் கனேடியன் ஆயில் சாண்ட்ஸ், அதாவது இன்றைய சன்கோர், பக்கெட் வீலில் தோண்டி 1993இல் டிரக்குக்கு மாறியது. 1978இல் வந்த சின்க்ரூட் டிராக்லைன் (கயிற்றில் வாளியை இழுத்துத் தோண்டும் இயந்திரம்) வைத்துக்கொண்டது. கடைசி டிராக்லைன் 2006இல் ஓய்ந்தது. கன்வேயர் ஒரு நீளச் சங்கிலி, நடுவில் ஓர் இடம் நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். குளிரில் உறைந்த மணல் கட்டியாகி வீலின் பற்களைத் தின்னும். கோடையில் அதே மணல் பெல்ட்டில் ஒட்டும். இதையெல்லாம்விட முக்கியம், ஷவல் வைத்தால் நல்ல தாதுவையும் களிமண் அடுக்கையும் பிரித்து அள்ளலாம். தாது முகங்கள் இரண்டு மூன்றைத் திறந்து வைத்துக் கலந்து அனுப்பினால்தான் ஆலைக்குப் போகும் நுண்துகள் அளவு நிலையாக இருக்கும்.

அழுத்த நீர் இங்கேயும் உண்டு. மெக்முர்ரே படிவத்தின் அடியில் நீர் நிறைந்த மணல் அடுக்கு, அதற்கும் கீழே டெவோனியன் சுண்ணாம்புப் பாறை. அடி மணலின் அழுத்தத்தைக் கிணறு போட்டு இறக்காமல் தோண்டினால் தரை மேலெழும். அந்த நீர் உப்பு நீர் என்பதால் ஆற்றில் விட முடியாது, சேமிக்கத் தனி இடம் வேண்டும். 2010 அக்டோபரில் மஸ்கெக் ரிவர் சுரங்கத்தின் ஒரு குழியில் டெவோனியன் பாறையிலிருந்தே உப்பு நீர் உள்ளே புகுந்தது. அதன் பிறகு எல்லாத் திட்டங்களும் சுண்ணாம்புப் பாறையின் கரைவுப் பள்ளங்களைத் தனியாக ஆராய வேண்டி வந்தது.

மேலே கிளியர்வாட்டர் களிமண். ஒருமுறை நழுவிய தளம் இருந்தால் அதன் உராய்வுக் கோணம் 7, 8 டிகிரிதான். கழிவுக் குளத்தின் கரையும் மண் கொட்டும் குப்பைமேடும் அதன்மேல் நிற்க வேண்டுமென்றால் சரிவு மிகத் தட்டையாக இருக்க வேண்டும், இடம் விழுங்கும். ஃபோர்ட் ஹில்ஸில் 2021இல் தெற்குச் சுவரின் உறுதி கெட்டு, உற்பத்தியைக் குறைத்துத் திட்டத்தையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. ஆய்வுத் துளைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். குளிர்காலத்தில் சதுப்பு உறைந்தால்தான் ரிக் உள்ளே போகும், அதனால் ஒரு ஆய்வுப் பருவம் தவறினால் ஒரு வருடம் போச்சு. சதுப்பை வடிய விடவும் அகற்றவும் தோண்டுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே வாய்க்கால் வெட்டத் தொடங்க வேண்டும்.

குழாய்வழி எழுதியது:

கடலோரம், உங்கள் கேள்விக்கு நேரான பதில் நுரைச் சுத்திகரிப்பில் இருக்கிறது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

நசுக்கிய தாதுவில் வெந்நீர் கலந்து, 50 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளைச் சல்லடையில் விலக்கி, குழம்பாகக் குழாயில் தள்ளுகிறோம். இது வெறும் போக்குவரத்து அன்று. குழாயில் உருளும்போதுதான் கட்டி கரைந்து, பிட்டுமென் மணலிலிருந்து கழன்று, காற்றுக் குமிழில் ஒட்டுகிறது. கார்ல் கிளார்க் 1929இல் காப்புரிமை பெற்ற வெந்நீர் முறையின் நீட்சிதான் இது. அவருடைய சுழல் டிரம்மின் வேலையைக் குழாய் செய்கிறது. 80 டிகிரியில் நடந்த வேலை இன்று 40 முதல் 50 டிகிரியில் நடக்கிறது. குழாய் நீளம் சில கிலோமீட்டராவது வேண்டும். கிரஷரைப் பிரித்தெடுப்புக் கலத்துக்கு மிக அருகில் வைத்துவிட்டு, மீட்பு வரவில்லையே என்று தேடுவதில் பயனில்லை.

தேய்மானம் கடுமை. அடிப்பக்கம்தான் முதலில் போகும், ஆகவே குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை குழாயைச் சுழற்றிப் போடுவார்கள். குரோமியம் கார்பைடு பூச்சுள்ள குழாய் விலை அதிகம். பம்புக்குப் பின்னாலும் வளைவிலும் மட்டும் போட்டாலும் பலன் தெரியும். வேகத்தைக் குறைத்தால் தேய்மானம் குறையும் என்று குறைக்கக் கூடாது. மணல் அடியில் படிந்து குழாய் அடைக்கும். மைனஸ் 40இல் அடைத்த குழாயைத் திறப்பது வெட்டி எடுக்கும் வேலை.

பிரித்தெடுப்புக் கலத்தின் மேலே நுரை: ஏறத்தாழ 60 விழுக்காடு பிட்டுமென், 30 நீர், 10 திண்மம். நடுவில் தேங்கும் கலங்கல் மிதவைக் கலத்துக்குப் போகும். அடியில் மணல். நுண்துகள் கூடிய தாது வந்தால் நடுப்பகுதி கெட்டியாகி, பிட்டுமென் மேலே ஏறாது. அப்போது எல்லோரும் காஸ்டிக் சோடாவைக் கூட்டுவார்கள். மீட்பு உயரும், உண்மை. ஆனால் அதே காஸ்டிக் களிமண்ணையும் சிதறவிட்டு, கழிவுக் குளத்தில் படியவே படியாத குழம்பாக்கிவிடும். அந்த விலை பத்து வருடம் கழித்துத் தெரியும்.

இப்போது நுரை. இதைச் சுத்தமாக்க இரண்டு வழி:

நாப்தா வழி. நாப்தா (பெட்ரோல் போன்ற லேசான எண்ணெய்) கலந்து, சாய்தட்டுப் படிகலத்திலும் சென்ட்ரிஃபியூஜிலும் நீரையும் மணலையும் பிரிப்பது. பிட்டுமென் முழுதும் கிடைக்கும். ஆனால் அதில் 1.5 முதல் 2 விழுக்காடு நீரும், அரை விழுக்காடு வரை நுண்மணலும் தங்கிவிடும். குழாய் கம்பெனிகள் நீர், திண்மம் இரண்டும் சேர்த்து 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே இந்தப் பிட்டுமெனை வெளியே விற்க முடியாது. பக்கத்திலேயே அப்கிரேடர் இருந்தே ஆக வேண்டும்.

பாரஃபின் வழி. பென்டேன், ஹெக்சேன் வகைக் கரைப்பானைப் பிட்டுமென் எடையில் ஒன்றரை மடங்குக்கு மேல் சேர்த்தால், பிட்டுமெனின் மிகக் கனமான பகுதியான அஸ்பால்டீனில் ஏறத்தாழப் பாதி திரண்டு, நீரையும் களிமண்ணையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே விழும். மேலே வருவது குழாய்த் தரம். 2003இல் உற்பத்திக்கு வந்த மஸ்கெக் ரிவர் சுரங்கம்தான் இதைப் பெரிய அளவில் முதலில் செய்தது. பிறகு கேர்ல், ஃபோர்ட் ஹில்ஸ். இழப்பு: பிட்டுமென் எடையில் 8 விழுக்காடு போல அஸ்பால்டீனாகக் குளத்துக்குப் போகிறது. கலன்கள் அழுத்தக் கலன்கள், ஆவி வெளியேற்றப் பாதுகாப்பு முழுக்க வேறு.

ஆக, அப்கிரேடர் வேண்டுமா என்று தனியாகக் கேட்க முடியாது. நுரைச் சுத்திகரிப்பு எது என்று எழுதும் நாளில் அந்த முடிவும் ஆகிவிடுகிறது. இரண்டு முறையிலும் கரைப்பான் இழப்புக்கு எல்லை ஒன்றுதான்: ஆயிரம் பீப்பாய் பிட்டுமெனுக்கு 4 பீப்பாய்.

கோக்டிரம் எழுதியது:

குழாய்வழி சொன்னதில் முக்கால்வாசி சரி. பாரஃபின் முறையில் வந்த பிட்டுமெனுக்கும் அப்கிரேடர் உண்டு. மஸ்கெக் ரிவர் பிட்டுமென் கரைப்பானோடு குழாயில் எட்மண்டன் அருகே ஸ்காட்ஃபோர்டுக்குப் போய், கோக்கர் இல்லாமல் ஹைட்ரஜன் சேர்த்து உடைக்கும் எல்சி-ஃபைனிங் முறையில் மேம்படுகிறது. உள்ளே போன கன அளவைவிட வெளியே வருவது கூடுதல். உள்ளே போகும் பிட்டுமென் சுத்தமானது என்பதால்தான் அங்கே வினையூக்கி தாங்குகிறது. அப்கிரேடரைச் சுரங்கத்திலிருந்து 400, 500 கிலோமீட்டர் தள்ளித் தொழிலாளர் கிடைக்கும் இடத்தில் வைத்ததும் நல்ல முடிவு.

நாப்தா வழியில் தங்கும் அந்த 2 விழுக்காடு நீரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அதில் உப்பு இருக்கிறது. நாப்தாவை மீட்கும் கோபுரத்தில் நீர் ஆவியாகும், உப்பு பிட்டுமெனோடு தங்கும். வெற்றிடக் கோபுர உலையிலும் கோக்கர் உலையிலும் சூடேறும்போது மெக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். அது மேல்முனைக் கண்டென்சரை அரிக்கும். அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் குளோரைடு உப்பாகக் கோக்கர் பிரிகோபுரத்தின் மேல்தட்டுகளிலும், ஹைட்ரோட்ரீட்டர் (ஹைட்ரஜனால் கந்தகத்தை நீக்கும் அலகு) வெப்பமாற்றிகளிலும் படியும். கழுவுநீர் செலுத்தும் இடத்தை முதல் வரைபடத்திலேயே போட வேண்டும். நுண்களிமண் இன்னொரு தொல்லை: வினையூக்கிப் படுகையின் மேற்பரப்பில் படிந்து, வினையூக்கியின் வீரியம் போவதற்கு வெகு முன்பே அழுத்த இறக்கத்தால் ரியாக்டரை நிறுத்தவைக்கும்.

அமில எண் 3 அளவில் இருக்கும் பிட்டுமென் இது. 220 முதல் 400 டிகிரி வரை ஓடும் குழாய்களுக்குச் சாதாரண எஃகு போதாது. மாலிப்டினம் கூடிய 317எல் என்ற துருப்பிடிக்காத எஃகு வரை போக வேண்டும்.

உங்கள் அளவுக்குக் கணக்கு: 1,55,000 பீப்பாய் என்றால் ஏறத்தாழ 24,800 டன் பிட்டுமென். கோக்கர் வழியில் 1,30,000 பீப்பாய் அளவுக்குச் செயற்கைக் கச்சா, 32 முதல் 34 ஏபிஐ (எண்ணெய் எவ்வளவு லேசு என்ற அளவு), கந்தகம் 0.2 விழுக்காட்டுக்குள். நாளுக்கு 4,000 டன் போலக் கோக். பிட்டுமெனில் 4.8 விழுக்காடு கந்தகம் என்று எடுத்தால் 1,190 டன். கோக்கில் தங்குவது போக நாளுக்கு 900 டன் அளவில் மஞ்சள் கந்தகம் கையில் வரும். ரயிலில் ஏற்ற விலை இல்லாத வருடங்களில் அது மலைபோல அடுக்கிக் கிடக்கும். கோக்குக்கும் கந்தகத்துக்கும் இடம் ஒதுக்காத வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

கோக் டிரம் இணைகளாக வரும். உலையிலிருந்து 490 டிகிரிக்கு மேல் உள்ளே வரும் எண்ணெய், ஒரு டிரம் நிறைந்ததும் மற்றதற்குத் திரும்பும். நிறைந்ததை நீராவி, பிறகு நீர் விட்டு ஆற்றி, உயரழுத்த நீரால் வெட்டுவார்கள். ஒவ்வொரு சுழற்சியும் எஃகுக்கு ஒரு வெப்ப அடி. உற்பத்தி ஆசையில் குளிர்விக்கும் நேரத்தைச் சுருக்கினால் டிரம் உடல் புடைக்கும், டிரம்மைத் தாங்கும் அடிவளையத்தின் வெல்டிங்கில் விரிசல் வரும். ஆள் பாதுகாப்புக்கு, எந்த டிரம் திறந்திருக்கிறது என்று பார்த்துத் தவறான வால்வு திறக்காமல் தடுக்கும் இன்டர்லாக் முக்கியம். ஹொரைசனில் 2011 ஜனவரி 6இல் கோக்கரில் தீப்பிடித்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. அதைப் படிக்காமல் யாரும் கோக்கர் வடிவமைப்பில் கை வைக்கக் கூடாது.

செலவுக்கணக்கு எழுதியது:

பிட்டுமெனாக விற்பவர் கணக்கையும் வைப்போம். கலவையில் ஏறத்தாழ 30 விழுக்காடு கன்டென்சேட் வேண்டுமென்றால், 1,55,000 பீப்பாய் பிட்டுமெனுக்கு நாளுக்கு 66,000 பீப்பாய் கன்டென்சேட். அஸ்பால்டீன் குறைந்த பாரஃபின் பிட்டுமெனுக்கு இதைவிடக் குறைவாகப் போதும். ஆனாலும் கன்டென்சேட் விலை குளிர்காலத்தில் ஏறும். குழாயில் இடமும் அதற்குச் சேர்த்துத்தான் வாடகை. கன கச்சாவுக்கும் லேசான கச்சாவுக்கும் இடையிலான விலை வித்தியாசம் பெரிதாக, நெடுநாள் நிலையாக இருந்தால் அப்கிரேடர் தாங்கும். அது சுருங்கினால் தாங்காது. 2013 மார்ச்சில் சன்கோரும் டோட்டாலும் வாயேஜர் அப்கிரேடரைக் கைவிட்டது இதனால்தான். அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகி, லேசான கச்சாவின் மேல்விலை குறைந்துவிட்டிருந்தது.

காலத்தைப் பாருங்கள். ஹொரைசனுக்குக் கட்டுமான முடிவு 2005 பிப்ரவரி, முதல் செயற்கைக் கச்சா 2009 பிப்ரவரி இறுதி. அப்கிரேடர் இல்லாத ஃபோர்ட் ஹில்ஸுக்கு முடிவு 2013 அக்டோபர், முதல் எண்ணெய் 2018 ஜனவரி. கட்டுமானக் காலத்தில் வித்தியாசமே இல்லை. செலவும் ஆள் தேவையும்தான் வேறு. அனுமதிக்கான வருடங்கள் இதற்கு முன்னால் தனி. ஃப்ரன்டியர் திட்டம் நாளுக்கு 2,60,000 பீப்பாய், 20.6 பில்லியன் கனேடிய டாலர். கூட்டு விசாரணைக்குழுவின் பரிந்துரை வந்த பின்னும் 2020 பிப்ரவரியில் டெக் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மாட்யூல் (பட்டறையில் கட்டி, தளத்துக்கு ஏற்றிவரும் ஆலைத் துண்டு) அளவு சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அட்டவணையை உடைப்பது அதுதான். எட்மண்டன் பக்கத்துப் பட்டறைகளில் கட்டி வடக்கே ஏற்றினால், உயரச் சுமைப் பாதையில் 9 மீட்டர் உயரம் வரை போகலாம். கேர்லுக்குக் கொரியாவில் கட்டிய மாட்யூல்கள் கடல்வழியும் ஆற்றுவழியும் அமெரிக்காவின் ஐடாஹோ வரை வந்து, மலைச்சாலை அனுமதிக்காக லூயிஸ்டன் துறைமுகத்தில் காத்துக்கிடந்தன. கடைசியில் பலவற்றைப் பிரித்துச் சிறிதாக்கி அனுப்பினார்கள். பட்டறை விலையில் மிச்சம் பிடித்தது அதில் கரைந்தது. பாதை அனுமதி கையில் வராமல் மாட்யூல் அளவை முடிவு செய்யாதீர்கள்.

ஈரக்கரை எழுதியது:

இவ்வளவு பேசியும் கழிவுக் குளத்தை யாரும் தொடவில்லை. எல்லா முடிவுகளும் கடைசியில் வந்து சேரும் இடம் அது.

தொடக்கத்தில், கழிவைக் கொட்டத் தோண்டி முடித்த குழி இல்லை. ஆகவே முதல் ஏழெட்டு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல், கழிவு வெளியே தரைமேல் கட்டிய குளத்துக்குத்தான் போகும். தொடக்கக் கரையை மேல்மண்ணால் கட்டி, பிறகு கழிவு மணலையே கோடையில் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி, புல்டோசரால் மிதித்து உயர்த்துவார்கள். உறைந்த மாதங்களில் இந்த வேலை நடக்காது. அதாவது மே முதல் அக்டோபர் வரை வரும் மணல்தான் கரையாகும், மீதி குளத்துக்குள் வெறும் மணல்பரப்பாகப் பரவும். ஒரு கோடையில் கரை உயரவில்லையென்றால் அடுத்த வருடம் குளத்தில் இடமில்லை, உற்பத்தி குறைய வேண்டும்.

மணல் படியும். நுண்களிமண் நீரோடு ஓடி நடுவில் சேர்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் 30 முதல் 35 விழுக்காடு திண்மத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிடும். பல பத்தாண்டுகள் ஆனாலும் தயிர்ப் பதம்தான். இப்படி அல்பர்ட்டாவில் தேங்கியிருப்பது 130 கோடி கன மீட்டருக்கு மேல். 2009இல் வந்த ஆணை 074 இதற்கு எண்கள் விதித்தது, கம்பெனிகள் எட்டவில்லை. 2016இல் ஆணை 085 வந்தது: சுரங்க ஆயுள் முடிந்து 10 வருடத்துக்குள் எல்லா நீர்மக் கழிவும் நிலமீட்புக்குத் தயாராக வேண்டும். ஜிப்சம் சேர்த்து மணலோடு கட்டுதல், பாலிமர் கலந்து மெல்லிய அடுக்காக உலர்த்துதல், சென்ட்ரிஃபியூஜ் என்று வழிகள் உண்டு. ஜிப்சம் வழியை எடுத்தால் கால்சியம் மறுசுழற்சி நீரில் ஏறிக்கொண்டே போய், குழாய்வழி சொன்ன பிரித்தெடுப்பைக் கெடுக்கும். காஸ்டிக்கை அவர் கூட்டுவார், களிமண் இன்னும் சிதறும், எனக்குக் குளம் இன்னும் நிறையும். பிரித்தெடுப்பும் கழிவும் ஒரே பொறியாளர் குழுவின் கீழ் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பாரஃபின் வழிக்காரர்களுக்கு ஒன்று: அந்த அஸ்பால்டீனும் தங்கிய கரைப்பானும் குளத்துக்கு வருகின்றன. கரைப்பான் மீத்தேனாகச் சிதையும். கணக்கில் அதையும் எழுதுங்கள்.

கசிவு வேறு. கரை நீர் விடும், விடுவதைப் பிடித்துத் திருப்பிப் பம்ப் செய்யும் வாய்க்கால்களும் கிணறுகளும் இருக்க வேண்டும். கேர்லில் 2022இல் குளத்து நீர் நிலத்தடியாக வெளியே கசிந்தது தெரிந்தது; 2023 தொடக்கத்தில் வடிகால் குளம் ஒன்று நிரம்பி 53 லட்சம் லிட்டர் வழிந்தது. ஆற்றின் கீழே ஃபோர்ட் சிப்பெவையன் மக்கள் அந்த ஆற்று மீனை உண்கிறவர்கள். மாதக்கணக்கில் தங்களுக்குச் சொல்லவில்லை என்று அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். 2008 ஏப்ரலில் சின்க்ரூட் குளம் ஒன்றில் 1,600 வாத்துகள் இறங்கிச் செத்தன. குளம் உருகும் அந்த வாரங்களில் பறவை விரட்டும் கருவி தயாராக இல்லை. பருவம் தவறிய பனியும் இருந்தது. அதைச் சாக்காக நீதிமன்றம் ஏற்கவில்லை.

கடலோரம் எழுதியது:

அப்படியென்றால் நாப்தா வழியும் அப்கிரேடரும் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டார், அனுமதியும் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். எதை முதலில் ஓட்டுவது? எந்த மாதத்தில்?

குழாய்வழி எழுதியது:

நீர். ஆலையை முதல் குளிர்காலத்தில் ஓட்டத் தேவையான நீர் முந்தைய கோடையிலேயே குளத்தில் இருக்க வேண்டும். மறுசுழற்சி நீர் கிடைக்கும் வரை எல்லாம் புதுநீர்தான். அத்தபாஸ்கா ஆறு குளிரில் சுருங்கும், அப்போது எடுக்கும் அளவுக்கு 2015 முதல் வாரவாரியான வரம்பு உண்டு. ஆற்றங்கரைப் பம்ப் நிலையத்தோடு சேமிப்புக் குளத்தையும் முதல் வருட வேலையாகப் போடுங்கள்.

கோக்டிரம் எழுதியது:

அதற்கடுத்துப் பயன்பாட்டு ஆலைகள்: நீராவி, நைட்ரஜன், காற்று, ஃபிளேர் (மிஞ்சும் வாயுவை எரிக்கும் கோபுரம்). பிறகு ஹைட்ரஜன் ஆலை, கந்தக ஆலை. ஹைட்ரோட்ரீட்டருக்கு முன் இவை நிலையாக ஓட வேண்டும். கந்தக ஆலை தயாரில்லாமல் கோக்கரைத் தொடங்கினால் வாயு முழுக்க ஃபிளேருக்குப் போகும், அனுமதி வரம்பு சில நாளில் தீரும். நாப்தா ஹைட்ரோட்ரீட்டருக்கும் டீசல் ஹைட்ரோட்ரீட்டருக்கும் முதல் நிரப்பலை வெளியிலிருந்து வாங்கி வைக்கலாம். பிரித்தெடுப்பு ஆலைக்குத் தேவையான முதல் நாப்தா இருப்பையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

மாதம் என்றால் மே முதல் ஆகஸ்ட் வரை. நவம்பரில் தொடங்கினால் ஒவ்வொரு நிறுத்தமும் உறைந்த கருவிக்குழாயில் முடியும். நீர் அழுத்தச் சோதனையை அக்டோபருக்கு முன் முடியுங்கள். முடியாதவற்றுக்கு, நீர் உறையாமலிருக்கக் கிளைக்கால் (glycol) என்ற திரவம் கலந்து செய்து, அதைத் திரும்ப எடுத்து வைக்கத் தொட்டி ஒதுக்குங்கள்.

சுரங்கத்தான் எழுதியது:

சுரங்கப் பக்கம்: முதல் ஆறு மாதத்துக்கு 11 விழுக்காட்டுக்கு மேலான, நுண்துகள் குறைந்த தாது முகம் திறந்து தயாராக இருக்கட்டும். புது ஆலையைக் கெட்ட தாதுவில் பழக்காதீர்கள். கிரஷருக்கு முன்னால் கையிருப்பு மேடு வைத்தால் உயரத்தைக் குறைத்து வையுங்கள், குளிரில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலே மேல்தோல் உறைந்து பாறையாகிவிடும். கோடையில் அதே மேட்டின் சரிவு டிரக் எடைக்கு இளகும். எடுக்கிற அளவுக்கு மட்டும் அள்ளிப் போடுங்கள்.